பத்து இலக்கம் மாறியது, பக்கம் மாறவில்லை

பெரியப்பாவின் மோட்டார் காயில் கட்டும் கடை கோயம்புத்தூர் கணபதியிலிருந்து சரவணம்பட்டிக்கு மாறியது. கூடவே போன் நம்பரும் மாறியது. பழைய நம்பர் பங்குதாரர் பெயரில் இருந்தது. வயதாகிவிட்டது, இனி முடியாது என்று அவர் தொழிலை விட்டு ஒதுங்கினார். நம்பரும் அவரோடு போய்விட்டது.

இரண்டு இடமும் சத்தி ரோட்டில்தான். அன்னூர், கோவில்பாளையம் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு முதலில் வருவது சரவணம்பட்டி, அதற்கப்புறம்தான் கணபதி. அதாவது, புதுக் கடையைக் கண்ணெதிரே தாண்டித்தான் பூட்டிய பழைய கடைக்குப் போவார்கள். இரண்டு பேர் பிடித்து இறக்க வேண்டிய போர்வெல் மோட்டாரை ஆட்டோவில் போட்டுக்கொண்டு, பயிர் காய்கிற அவசரத்தில் வருகிற ஆட்கள். ஷட்டரைப் பார்த்துவிட்டு நெட்டில் தேடி, வருகிற நம்பருக்கு அடிப்பார்கள். மதியம் சாப்பிட்டுப் படுத்திருக்கும் பங்குதாரர் எழுந்து, புது இடத்துக்கு வழி சொல்வார். ஒருநாள்கூட அவர் சலித்துக்கொள்ளவில்லை.

கடையின் இணையதளத்தை மூன்று வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கடை மாறிய அன்று இரவே எல்லா இடத்திலும் மாற்றிவிட்டேன் என்று பெரியப்பாவிடம் சொல்லியிருந்தேன். நாலாவது நாள் அவர் கூப்பிட்டார். "கண்ணு, மாத்தியாச்சுன்னு சொன்னியே, அப்புறம் ஏன் ஆளுக அங்கயே போயிட்டிருக்காங்க?"

அன்றிலிருந்து ஒரு நோட்டுப் போட்டு, எந்தெந்த இடத்தில் என்ன மாறியிருக்கிறது என்று தினமும் காலையில் எழுதி வைத்தேன். அந்த நோட்டிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

முதல் இரவு செய்தவை

தளத்தில் மொத்தம் ஐந்து பக்கம். முகப்பில் கடைப் பெயர், செய்யும் வேலைகள், போன் நம்பர். முகவரியும் வழியும் 'வரும் வழி' என்ற தனிப் பக்கத்தில். இரண்டையும் திருத்தி சர்வரில் ஏற்றினேன். அடுத்து கூகுள் மேப்பில் இருக்கும் கடைக் கணக்கில் முகவரி, நம்பர், வரைபடப் புள்ளி. அடுத்து, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய பொது வரைபடமான ஓப்பன் ஸ்ட்ரீட் மேப். அதற்கப்புறம், ஊர்வாரியாகக் கடைகளைத் தொகுத்துப் போடும் பட்டியல் தளங்கள் மூன்று.

ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்தான் முதலில் மாறியது. சேமித்துவிட்டு டீ குடித்து வருவதற்குள் பொது வரைபடத்தில் புதுப் புள்ளி வந்துவிட்டது. ஆனால் அதே தரவை இறக்கி வைத்து, நெட் இல்லாமல் வழிகாட்டும் ஆப்களில் பழைய புள்ளிதான் இருந்தது. அவை வரைபடத்தை மூட்டையாகக் கட்டி அவ்வப்போது வெளியிடுகின்றன. புது மூட்டை வந்து, போன்காரர் அதை இறக்கிக்கொண்டால்தான் மாறும். ஒரே தரவு, ஒருவர் நிமிடத்தில் பார்க்கிறார், ஒருவர் மாதம் கழித்துப் பார்க்கிறார். இதை நோட்டில் எழுதும்போதே எனக்கு ஒன்று புரிந்திருக்க வேண்டும். புரிய ஒன்பதாம் நாள் வரை ஆனது.

கூகுள் மேப்பில் போன் நம்பர் அன்றிரவே மாறியது. இடமாற்றத்துக்கு மட்டும் சரிபார்ப்பு கேட்டது. திருத்தங்கள் பெரும்பாலும் 10 நிமிடத்தில் பரிசீலிக்கப்படும், சில சமயம் 30 நாள் வரை ஆகலாம் என்று அவர்களுடைய உதவிப் பக்கமே சொல்கிறது. வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னது: தெரு, பெயர்ப்பலகை, கடையை நடத்துகிறவர் இவர்தான் என்பதற்கு அடையாளம். காலையில் போய், சத்தி ரோட்டிலிருந்து தொடங்கி, பலகையைக் காட்டி, பெரியப்பா சாவி போட்டு ஷட்டரைத் தூக்குவது வரை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்தேன். உள்ளே பெஞ்சில் பாதி கட்டிய ஸ்டேட்டர் ஒன்று, காப்பர் கம்பி நீட்டிக்கொண்டு கிடந்தது. அதையும் சேர்த்து எடுத்தேன். ஐந்தாம் நாள் புள்ளி நகர்ந்துவிட்டது.

பட்டியல் தளங்களில் ஒன்று மறுநாள் மாறியது. அங்கே ஓர் ஆள் பார்த்து அனுமதித்தால் வெளியே தெரியும், அவ்வளவுதான். இரண்டாவது தளம் ஆறாம் நாள். மூன்றாவது தளம் மாறி, பத்தாம் நாள் மறுபடி பழைய நம்பருக்கே திரும்பிவிட்டது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தேடல் முடிவுதான் நகரவே இல்லை. கடைப் பெயரைத் தேடினால் நம் தளம் முதலில் வருகிறது, அதன் கீழே இரண்டு வரி விவரத்தில் பழைய நம்பர். மக்கள் தளத்துக்குள் போவதே இல்லை. அந்த இரண்டு வரியில் நம்பரைப் பார்த்து அங்கேயே அடிக்கிறார்கள்.

பட்டியலும் தேடலும் ஒரே ஜாதி இல்லை

இதை நான் பெரியப்பாவுக்கு விளக்க வேண்டி வந்தது. அவர் கேட்டது நியாயமான கேள்வி: "அங்க மாறுதில்ல, இங்க மட்டும் ஏன் மாறல?"

பட்டியல் தளம் என்பது ஒரு பேரேடு. நம் கடைக்கு அதில் ஒரு வரி. அந்த வரியை அடித்து எழுதினால், அடுத்து திறக்கிறவருக்குப் புது வரி தெரியும். நடுவில் இருப்பது அனுமதிக்கும் ஆள் மட்டும். தேடுபொறி அப்படியில்லை. அதனிடம் இருப்பது நம் பக்கத்தின் நகல். அது என்றைக்கோ வந்து எடுத்துப்போன நகல். நாம் தேடும்போது அது நம் தளத்துக்கு ஓடிவந்து பார்ப்பதில்லை. தன்னிடம் இருக்கும் நகலிலிருந்து பதில் சொல்கிறது. மறுபடி வந்து பார்க்க வேண்டும், மாறியிருப்பதாக அதற்குத் தெரிய வேண்டும், தேடலுக்காக அது வைத்திருக்கும் அட்டவணையில் ஏற்ற வேண்டும். மூன்றும் மூன்று வேலை, மூன்றுக்கும் தனித்தனி நேரம்.

இதில் இன்னொரு சிக்கு. பட்டியல் தளத்தின் பக்கமும் தேடுபொறிக்கு ஒரு பக்கம்தான். இரண்டாம் நாளே பேரேடு திருந்திய தளத்தின் பக்கம், தேடல் முடிவில் பதினொன்றாம் நாள் வரை பழைய நம்பரோடு நின்றது. உள்ளே போனால் புதுசு, வெளியே தெரிவது பழசு. பட்டியல் தளங்களில் லட்சக்கணக்கில் பக்கங்கள் இருக்கும். நம் கடையின் பக்கத்துக்குத் தேடுபொறியின் பாட், அதாவது பக்கங்களைத் தானாக வந்து படித்துப்போகும் நிரல், எப்போது வரும் என்பது அந்தத் தளக்காரர் கையிலும் இல்லை.

ஒரு காலத்தில் இந்த இரண்டும் இன்னும் நெருக்கமாகப் பின்னிக்கிடந்தன. 1994இல் தொடங்கிய யாஹூ, ஆட்கள் உட்கார்ந்து வகைபிரித்த பட்டியல்தான். 1998இல் தொடங்கிய டிமாஸ், தன்னார்வலர்கள் தொகுத்த இணையதளப் பட்டியல். ஓடிபி என்றும் அதைச் சுருக்கிச் சொல்வார்கள். டிமாஸில் ஒரு தளத்தைப் பற்றி எழுதியிருந்த விவரத்தை எடுத்து, தேடல் முடிவின் கீழே கூகுள் காட்டிய காலம் உண்டு. தளத்தின் சொந்தக்காரர் தன் பக்கத்தைத் திருத்தினாலும், டிமாஸ் தொகுப்பாளர் எழுதிய பழைய வரி தேடலில் நிற்கும். அதைத் தடுக்க 'நோ-ஓடிபி' என்று தனியாக ஒரு குறிச்சொல்லே பக்கத்தில் போட வேண்டியிருந்தது. யாஹூ பட்டியல் 2014 கடைசியில் மூடப்பட்டது, டிமாஸ் 2017 மார்ச்சில். பட்டியல்கள் போனாலும், நகல் வைத்திருப்பவர் வேறு, மூலம் வைத்திருப்பவர் வேறு என்ற நிலைமை போகவில்லை.

எட்டாம் நாள்: தவறான சந்தேகம்

என் போனில் முகப்பைத் திறந்தால் பழைய நம்பர். மறைநிலை ஜன்னலில் திறந்தால் புது நம்பர். சரி, கேஷ் பிரச்சினை, அதாவது பிரவுசர் சேமித்துவைத்த பழைய நகலைக் காட்டுகிறது என்று முடிவு கட்டினேன். சர்வரின் அமைப்பைப் பார்த்தால், சேமித்த நகலை எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் மேக்ஸ்-ஏஜ், எல்லாக் கோப்புக்கும் 604800 என்று இருந்தது. 604800 நொடி என்றால் ஏழு நாள். படங்கள் வேகமாக வரட்டும் என்று போன வருடம் நான் வைத்தது, பக்கங்களுக்கும் சேர்ந்துவிட்டது. ஒருமுறை வந்துபோனவரின் பிரவுசர் ஏழு நாளைக்கு சர்வரைக் கேட்காமலே கைவசமிருக்கும் பக்கத்தைக் காட்டும்.

அதை மாற்றினேன். பக்கங்களுக்கு நோ-கேஷ், படங்களுக்கு மட்டும் நீண்ட காலம். இங்கே பலர் குழம்புவதால் சொல்கிறேன்: நோ-கேஷ் என்றால் சேமிக்காதே என்று அர்த்தமில்லை. சேமித்துக்கொள், ஆனால் ஒவ்வொரு முறை காட்டும் முன்பும் என்னைக் கேள் என்று அர்த்தம். சேமிக்கவே கூடாது என்பதற்கு நோ-ஸ்டோர்.

மாற்றிவிட்டு என் போனில் புதுப்பித்தேன். பழைய நம்பர். மறுபடி புதுப்பித்தேன். பழைய நம்பர். மேக்ஸ்-ஏஜ்தான் காரணம் என்றால், புதுப்பித்தவுடன் மாறியிருக்க வேண்டும். லேப்டாப்பில் கன்ட்ரோலும் ஷிஃப்டும் சேர்த்து ஆர் அழுத்தினால் மட்டும் புதிது வந்தது. சாதாரணமாகப் புதுப்பித்தால் பிரவுசர் சர்வரிடம் "என்னிடம் இருப்பது இது, மாறியிருக்கிறதா?" என்று கேட்கும். ஷிஃப்டோடு அழுத்தினால் கேள்வியே கேட்காமல் முழுப் பக்கத்தையும் வாங்கிவரும். கேட்டால் பழசு, கேட்காமல் வாங்கினால் புதுசு. அப்படியானால் சர்வர் அந்தக் கேள்விக்குப் பொய்யான பதில் சொல்கிறது.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. எட்டு நாளாகத் தேடுபொறி மெதுவாக இருக்கிறது என்று பெரியப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள்: லாக்

காலையில் சர்வரின் லாக்கை, அதாவது வருகைப் பதிவைத் திறந்தேன். கூகுளின் பாட்டான கூகுள்பாட் என்ற பெயரில் யார் வேண்டுமானாலும் வரலாம் என்பதால், அந்த ஐபி முகவரியைத் தலைகீழாகத் தேடி, கூகுள்பாட் டாட் காம் என்று முடிகிறதா, அந்தப் பெயரைத் திருப்பித் தேடினால் அதே ஐபி வருகிறதா என்று இரண்டையும் பார்த்துக்கொண்டேன். உண்மையான பாட்தான்.

மூன்றாம் நாளே வந்திருக்கிறது. 'வரும் வழி' பக்கத்தைக் கேட்டதற்கு சர்வரின் பதில் 200, முழுப் பக்கமும் போயிருக்கிறது. அதே நாள் முகப்பைக் கேட்டதற்குப் பதில் 304. அனுப்பிய அளவு பூஜ்ஜியம். ஆறாம் நாள் மறுபடி முகப்பு, மறுபடி 304.

304 என்றால் 'நீ கடைசியாக எடுத்துப்போனதற்கு அப்புறம் எதுவும் மாறவில்லை'. கூகுளின் ஆவணத்திலேயே இதற்கு என்ன நடக்கும் என்று எழுதியிருக்கிறது: உள்ளடக்கம் போன தடவை மாதிரியே இருக்கிறது என்று அட்டவணைப் பிரிவுக்குச் செய்தி போகும். அட்டவணையில் இருக்கும் நகல் மாறாது. பாட் நேரத்துக்கு வந்திருக்கிறது, மரியாதையாகக் கேட்டிருக்கிறது. மாறவில்லை என்று சொல்லி அனுப்பியது என் சர்வர்.

தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று தளக்காரருக்குக் காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில், போன வாரம் எனக்கு இருந்த குழப்பமும் அப்போது தீர்ந்தது. அதில் முகப்பை நேரடியாகச் சோதித்தால் புது நம்பர் தெரிந்தது. அட்டவணையில் இருக்கும் நகலைப் பார்த்தால் பழைய நம்பர், ஆனால் கடைசியாக வந்துபோன தேதி மட்டும் நான் திருத்தியதற்குப் பிந்தையது. திருத்திய பிறகு வந்தும் பழசை எப்படி வைத்திருக்கிறது என்று புரியாமல், மறுபடி அட்டவணைப்படுத்தும்படி விண்ணப்பம் வேறு கொடுத்திருந்தேன். லாக்கில் அதன் தடமும் இருந்தது: அதற்கும் 304.

ஏன் பொய் சொன்னது

என் சர்வரில் ஓடும் மென்பொருள் எஞ்சின்எக்ஸ். ஒரு கோப்பு மாறியதா என்று தெரிந்துகொள்ள அது ஒவ்வொரு கோப்புக்கும் ஈ-டேக் என்று ஓர் அடையாளம் தருகிறது. பிரவுசரும் பாட்டும் அதைக் குறித்துவைத்து, அடுத்த முறை காட்டிக் கேட்கும். ஒத்துப்போனால் 304, ஒத்துப்போகாவிட்டால் 200. அந்த அடையாளத்தை எஞ்சின்எக்ஸ் கோப்பின் உள்ளே படித்துப் பார்த்து உருவாக்குவதில்லை. இரண்டே விஷயத்தைச் சேர்க்கிறது: கோப்பு கடைசியாக மாறிய நேரம், கோப்பின் அளவு. இரண்டையும் பதினாறடிமான எண்ணாக எழுதி, நடுவில் ஒரு கோடு.

முகப்பின் அடையாளத்தை எடுத்து, நாம் வழக்கமாக எழுதும் பதின்ம எண்ணுக்கு மாற்றினேன். இடப்பக்கம் 1577836800. வலப்பக்கம் 6700.

6700 என்பது பைட் கணக்கு. 1577836800 என்பது 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய நொடிகள்; நாளாக மாற்றினால் உலகப் பொது நேரப்படி 2020 ஜனவரி 1, நள்ளிரவு. போன வாரம் திருத்திய கோப்புக்கு 2020ஆம் வருடத் தேதி எங்கிருந்து வந்தது?

தளத்தைக் கட்டி ஏற்ற நான் எழுதிய சிறு நிரலான கட்டுமான ஸ்கிரிப்டிலிருந்து. தளத்தின் கோப்புகளையெல்லாம் ஒரே மூட்டையாக, ஒரு டார் கோப்பாகக் கட்டி, அதையே சர்வரில் விரிப்பது என் வழக்கம். உள்ளே எதுவும் மாறாவிட்டால் டார் கோப்பும் அச்சு அசலாக அதேபோல வரவேண்டும், காப்பு எடுக்கும்போது ஒப்பிட வசதி என்பதற்காக, எல்லாக் கோப்புக்கும் ஒரே நிலையான தேதியைப் போடும் வரி ஒன்று எழுதியிருந்தேன். சர்வரில் விரியும்போதும் அந்தத் தேதி அப்படியே தங்கிவிட்டது.

ஆக, நேரம் எப்போதும் மாறாது. அடையாளம் மாற அளவு ஒன்றுதான் வழி. மூன்று வருடமாக நான் செய்த திருத்தங்கள் எல்லாம் வாக்கியம் சேர்ப்பது, நீக்குவது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். ஒரு புள்ளி கூடினாலும் அளவு மாறிவிடும். அதனால் ஒருமுறைகூடப் பிரச்சினை தெரியவில்லை. இந்த முறை முகப்பில் மாறியது போன் நம்பர் மட்டும். பத்து இலக்கம் போய்ப் பத்து இலக்கம் வந்தது. இலக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட். முன்பும் 6700, பின்பும் 6700. 'வரும் வழி' பக்கத்தில் முகவரி மாறியதால் அளவு மாறி, அது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது.

சந்தேகம் தீர, பிரவுசர் இல்லாமல் சர்வரிடம் நேரடியாகக் கேட்கும் கர்ல் கட்டளையில் பழைய அடையாளத்தைக் கொடுத்து முகப்பைக் கேட்டேன். 304. கடைசியாக மாறிய தேதியைக் கொடுத்துக் கேட்டாலும் அதே பதில். அது இன்னும் 2020 என்றுதான் நம்பிக்கொண்டிருந்தது.

திருத்தியது

நிலையான தேதி போடும் வரியைச் சர்வருக்குப் போகும் கட்டிலிருந்து எடுத்துவிட்டேன். இப்போது உள்ளடக்கம் உண்மையிலேயே மாறிய கோப்புக்கு மட்டும் புதுத் தேதி விழுகிறது. மாறாத கோப்புகளை ஒப்பிட்டு விட்டுவிடுவதால் அவற்றின் தேதி அப்படியே நிற்கும். எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு முறையும் இன்றைய தேதி போடுவது எளிது, ஆனால் அது வேறொரு பொய். ஏனென்றால் தளத்தில் உள்ள பக்கங்களைத் தேடுபொறிகளுக்காகப் பட்டியலிடும் கோப்பான தளவரைபடத்தில் 'கடைசியாக மாறியது' என்ற தேதியும் அங்கிருந்துதான் வருகிறது. அந்தத் தேதி தொடர்ந்து உண்மையாக இருந்தால்தான் கூகுள் அதைப் பயன்படுத்தும். முக்கியத்துவம், எத்தனை நாளுக்கு ஒருமுறை மாறும் என்று எழுதும் மற்ற இரண்டு புலங்களையும் அது பார்ப்பதே இல்லை. இரண்டையும் நீக்கிவிட்டேன்.

தளவரைபடத்தைத் திருத்தியதும் ஒரு முகவரியைத் தட்டிக் கூகுளுக்குத் தகவல் சொல்லும் பழைய வழக்கம் ஒன்று என் ஸ்கிரிப்டில் இன்னும் இருந்தது. அந்த வசதியை 2023இலேயே கைவிடுவதாக அறிவித்துவிட்டார்கள். அந்த வரியும் போயிற்று. அதற்குப் பதில் இண்டெக்ஸ்நவ் சேர்த்தேன். பக்கம் மாறியதை நாமே சொல்லும் இந்த வழி, 2021இல் பிங், யாண்டெக்ஸ் என்ற தேடுபொறிகள் கொண்டுவந்தது. ஒரு சாவிக் கோப்பைத் தளத்தின் முதன்மைக் கோப்புறையில் வைத்துவிட்டு, மாறிய பக்கத்தின் முகவரியை அனுப்பினால் போதும். அன்று மாலையே பிங்கின் பாட் வந்து முகப்பை 200ஓடு எடுத்துப்போனது.

இன்னொன்றும் அன்றுதான் கண்ணில் பட்டது. பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்த்தபோது, தேடுபொறிகளுக்காக எழுதிவைக்கும் கட்டமைப்புத் தரவில் பழைய நம்பர் இன்னும் கிடந்தது. நான் கோப்புகளில் பத்து இலக்கத்தைச் சேர்த்து எழுதித் தேடி மாற்றியிருந்தேன். அங்கே +91 போட்டு, நடுவில் இடைவெளி விட்டு எழுதியிருந்ததால் தேடலில் சிக்கவில்லை. நம்பர் மாற்றுகிறவர்கள் கடைசி நாலு இலக்கத்தை மட்டும் வைத்துத் தேடுங்கள். எந்த வடிவில் எழுதியிருந்தாலும் பெரும்பாலும் மாட்டும்.

பதினொன்றாம் நாள் கூகுள்பாட் முகப்புக்கு வந்தது. 200. பன்னிரண்டாம் நாள் காலை தேடலில் புது நம்பர்.

திரும்பிப் போன பட்டியல்

மூன்றாவது பட்டியல் தளம் பத்தாம் நாள் பழைய நம்பருக்குத் திரும்பியது என்று சொன்னேன் இல்லையா. அவர்களுக்கு எழுதிக் கேட்டேன். நாம் கையால் திருத்துவது ஒருபக்கம்; வேறோர் இடத்திலிருந்து தரவை மொத்தமாக வாங்கி அவ்வப்போது மேலே ஊற்றுவது இன்னொரு பக்கம். ஊற்றிய தரவில் பழைய நம்பர் இருந்ததால் நம் திருத்தம் அடிபட்டுவிட்டது. கடையின் உரிமையாளர் என்று அந்தத் தளத்தில் பதிவு செய்துகொண்டால், பிறகு மேலே ஊற்றும் தரவு நம் வரியைத் தொடாது என்றார்கள். பதிவு செய்தோம். பதினேழாம் நாள் சரியானது, அதன்பிறகு மாறவில்லை.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் பங்குதாரருக்கு வந்த அழைப்புகளை அவரிடமே கேட்டு எழுதியிருக்கிறேன். முதல் வாரம் தினமும் ஆறு, ஏழு. பன்னிரண்டாம் நாள் மூன்று. இருபதாம் நாள் ஒன்று. அது நெட்டில் தேடிய ஆளில்லை, அன்னூரிலிருந்து பழைய பில்லைப் பார்த்து அடித்த விவசாயி. அடுத்த ஞாயிறு பெயிண்ட் வாங்கிப்போய், கணபதிக் கடை ஷட்டரில் புது நம்பரைப் பெரிதாக எழுதிவிட்டு வந்தேன்.